கையை வீசினால் ஆடுமா? கேம் கன்சோல் கேள்வி–பதில்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றன: கையை வீசி, உடம்பை அசைத்து ஆடும் மோஷன் கண்ட்ரோலரை வாங்கலாமா, காசு வீணா? விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் அதில் ஆடப்போகும் விளையாட்டுகளின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். மூன்று பெயர்கூடத் தேறவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல், கினெக்ட் இரண்டையும் சேர்த்து 180 வெள்ளி சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு 8 வயது, 11 வயது. எங்கள் மலிவு விலை வீட்டுக் கூடம் 10-க்கு 12 அடி. வாங்கலாமா?
— இரு பிள்ளைகளின் தாய், சுங்கை சிப்புட்

அம்மா, கடைக்குப் போகும் முன் கூடத்தை அளந்து பாருங்கள். கினெக்ட் என்பது டிவி பக்கத்தில் வைக்கும் கேமராக் கருவி, கையில் பிடிக்கும் கண்ட்ரோலர் அதற்குக் கிடையாது. அது ஆளையே பார்க்கிறது. தலை முதல் கால்வரை அதன் கண்ணில் பட வேண்டும். ஒருவர் ஆட 6 அடி, இருவர் சேர்ந்து ஆட 8 அடி தள்ளி நிற்க வேண்டும்.

உங்கள் கூடத்தில் டிவி அலமாரி ஒன்றரை அடி, எதிரே சோபா 3 அடி என்று வைத்துக்கொள்வோம். 12 அடிப் பக்கமாக டிவி இருந்தால் நடுவில் மிஞ்சுவது ஏழரை அடி. ஒருவருக்கு அது தாராளம். இருவருக்கு ஓர் அரை அடி இடிக்கும், சோபாவை நகர்த்தினால் சரியாகிவிடும். டிவி 10 அடிப் பக்கமாக இருந்தால் மிஞ்சுவது ஐந்தரை அடிதான். அப்படி என்றால் டிவியின் இடத்தை மாற்ற முடிந்தால் மட்டும் வாங்குங்கள். தூரத்தைக் குறைக்கும் என்று சொல்லி முன்னால் மாட்டும் லென்ஸ் உறை ஒன்று உண்டு. அது படத்தை வளைத்துக் காட்டும், கை கால் கணிப்பும் பிசகும். எங்கள் ஓட்டு அதற்கு இல்லை.

இடம் சரி என்றால், கடையிலேயே பார்க்க வேண்டியவை இவை. எக்ஸ்பாக்ஸ் 360-இல் தடித்த பழைய மாடல், மெலிந்த பிந்திய மாடல் என்று இருக்கின்றன. மெலிந்ததன் பின்புறம் கினெக்டுக்கென்றே ஒரு துளை உண்டு, கரண்டும் அதிலேயே போய்விடும். தடித்ததற்குக் கினெக்டோடு வரும் தனிப் பவர் அடாப்டர் வேண்டும். பழைய சாமான் கடையில் அதுதான் முதலில் காணாமல் போகும். அது இல்லாமல் வாங்கினால் கினெக்ட் வெறும் அலங்காரப் பொருள். கினெக்டுக்குள் மோட்டார் இருக்கிறது, தலையைத் தானே மேலும் கீழும் சாய்த்துக்கொள்ளும். அதைக் கையால் திருப்பிக் காட்டும் கடைக்காரரை அங்கேயே தடுங்கள், பற்சக்கரம் தேய்ந்துவிடும்.

வீட்டில் அதைத் தரையிலிருந்து 2 முதல் 6 அடி உயரத்தில், டிவிக்கு மேலோ கீழோ நடுவாக வையுங்கள். 360-இன் கினெக்ட் அறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, அவை விழும் விதத்தைப் பார்த்துத்தான் தூரத்தைக் கணிக்கிறது. சாயங்கால வெயில் நாக்கோ (கண்ணாடிப் பட்டை) சன்னல் வழியாக நேரே உள்ளே அடித்தால் அந்தப் புள்ளிகள் வெயிலில் கரைந்துவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டால் போதும். இன்னொன்று, கைலியோ நீளப் பாவாடையோ கட்டி ஆடினால் இரண்டு காலும் ஒன்றாகத் தெரியும். திரையில் நிற்கும் உருவம் நொண்டும். அரைக்கால் சட்டை போதும்.

கினெக்ட் 2010 நவம்பரில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடையை 2024 ஜூலை 29-ஆம் தேதி மூடிவிட்டார்கள், இனி அங்கே புதிதாக ஒன்றும் வாங்க முடியாது. தட்டு (டிஸ்க்) இருந்தால்தான் விளையாட்டு. எனவே 180 வெள்ளி பெட்டிக்கா, பெட்டியோடு நாலு தட்டுக்குமா என்று கேளுங்கள். கினெக்டோடு அன்று இலவசமாக வந்த கினெக்ட் அட்வென்சர்ஸும், தனியாக விற்ற கினெக்ட் ஸ்போர்ட்ஸும் கீறலில்லாமல் கிடைத்தால் உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு நல்ல பேரம். 360-இன் கினெக்ட் அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் வேலை செய்யாது, அதனுடையது இதிலும் வேலை செய்யாது. “பிறகு புதுப் பெட்டி வாங்கி இதையே மாட்டிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மறந்துவிட்டோம்: ஆடும் இடத்துக்கு நேர் மேலே மின்விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் குதிப்பதில் ஆபத்தில்லை. அப்பா ஆட வரும்போதுதான் கை தட்டும்.

நிண்டெண்டோ வீ வைத்திருக்கிறோம். பகலில் நன்றாக இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல் திரையில் கைச்சின்னம் தாவித் தாவி ஓடுகிறது. கடையில் ரிமோட் கெட்டுவிட்டது என்கிறார்கள். புது ரிமோட் வாங்கவா?
— தோட்டப் பள்ளி ஆசிரியர்

வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஏழு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது? விளக்கேற்றுகிறார்கள்.

டிவி மேல் வைக்கும் ‘சென்சார் பார்’ எதையும் உணர்வதில்லை. இரு முனையிலும் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். பார்ப்பது ரிமோட்டின் முனையில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா. அது ஒரே நேரத்தில் 4 ஒளிப்புள்ளிகள்வரை பின்தொடரும். குத்துவிளக்கின் தீபமும் அகச்சிவப்பை அள்ளி வீசுகிறது. சாமி மாடம் டிவிக்குப் பக்கத்தில் இருந்தால் ரிமோட் தீபத்தையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளும். எதிர்ச்சுவர் விளக்கின் ஒளி டிவிக்கு மேல் மாட்டிய சாமி படக் கண்ணாடியில் பட்டுத் திரும்பினாலும் இதே கதிதான்.

வீ அமைப்புகளில் சென்சார் பார் பகுதிக்குப் போய் சென்சிட்டிவிட்டியைத் திறங்கள். ரிமோட்டை டிவி பக்கம் நீட்டினால் திரையில் இரண்டு புள்ளிகள் மட்டும் மின்ன வேண்டும். மூன்றாவது புள்ளி தெரிந்தால் விளக்கைக் கையால் மறைத்துப் பாருங்கள், அது மறையும். அளவு 1 முதல் 5 வரை உண்டு, ஒரு படி குறைத்தாலே பல வீடுகளில் சரியாகிவிடும். இல்லையென்றால் விளையாட்டை விளக்கேற்றும் முன் முடித்துக்கொள்ளுங்கள். விளக்கை நகர்த்தச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை.

அந்த பார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கைபேசியின் முன்பக்கக் கேமராவை அதற்கு நேரே பிடியுங்கள். ஊதா நிறத்தில் புள்ளிகள் மின்னும். பின்பக்கக் கேமராக்கள் பல இந்த ஒளியை வடிகட்டிவிடும். பார் உடைந்துபோய் அவசரம் என்றால், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தால் ரிமோட் அவற்றையே நம்பி வேலை செய்யும்! சோதனைக்கு மட்டும், டிவி முன்னால் தீயை வைத்துவிட்டுப் பிள்ளைகளை ஆடவிடாதீர்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய வீ ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பிளக்கை மாற்றினால் போதும் என்கிறார்கள். சரியா?
— ஈப்போ சாலை வாசகர்

தவறு. ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் வருவது 240. பிளக் முனையை மட்டும் மாற்றிச் செருகினால் அடாப்டர் அந்த நொடியே போய்விடும். அடாப்டரின் அடியில் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். உள்ளே போகும் மின்சாரம் 100 என்று மட்டும் போட்டிருந்தால், வெளியே 12 வோல்ட் 3.7 ஆம்பியர் தரும், வீயின் முனை கொண்ட 240 வோல்ட் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

தட்டு விஷயமும் உண்டு. ஜப்பான் வீயில் ஜப்பான் தட்டுதான் ஓடும், மெனுவும் ஜப்பானியமே. ரிமோட், சென்சார் பார், மறு கையில் பிடிக்கும் நுஞ்சக் ஆகியவற்றுக்கு நாடு கிடையாது, எந்த வீயிலும் சேரும். உதிரிப் பாகங்களுக்காக வாங்குகிறீர்கள் என்றால் தயங்க வேண்டாம்.

வீ ரிமோட்டுக்கு அடியில் சொருகும் மோஷன் பிளஸ் என்ற சின்னக் கட்டை அவசியமா?
— இடைநிலைப் பள்ளி மாணவன்

தம்பி, எந்த விளையாட்டுக்கு என்பதைப் பொறுத்தது. வீ ஸ்போர்ட்ஸுக்குத் தேவையில்லை. வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டுக்கும், செல்டா வரிசையில் ஸ்கைவர்ட் ஸ்வோர்டுக்கும் அது இல்லாமல் ஆடவே முடியாது.

2006-இல் வந்த ரிமோட்டுக்குள் வேகமாற்றத்தை உணரும் ஆக்ஸிலரோமீட்டர் மட்டும் இருந்தது. அதற்குப் பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும், நீ வெடுக்கென்று ஆட்டியது தெரியும். செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கழியை நட்டுக்குத்தாகப் பிடித்து இருந்த இடத்திலேயே திருகுவதாக நினைத்துக்கொள். பூமி இழுக்கும் திசை மாறவே இல்லை, ஆகையால் அந்தத் திருகல் அதற்குச் சரியாகப் பிடிபடாது. 2009-இல் வந்த மோஷன் பிளஸ் ஜைரோ என்ற சுழற்சி உணரியைச் சேர்த்தது, மணிக்கட்டுத் திருப்பமும் கணக்கில் வந்தது. ஜைரோவுக்கும் ஒரு குறை உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பவன் மாதிரி, சின்னச் சின்னப் பிழைகள் கூடிக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் வாள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது அதனால்தான். ரிமோட்டைப் பொத்தான் பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் சில விநாடி அசையாமல் வை, பிறகு திரையின் நடுவைக் காட்டு. நேராகிவிடும்.

தனிக் கட்டை வாங்குவதைவிட, அது உள்ளேயே அடங்கிய பிந்திய ரிமோட்டைத் தேடு. அதன் முகப்பில், அடிப்பக்கம் ‘மோஷன் பிளஸ் இன்சைட்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். போலிகளிலும் அந்த எழுத்து இருக்கலாம். கடையில் ரிசார்ட் தட்டைப் போட்டு வாள் சண்டையை ஒரு சுற்று ஆடிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு.

வீ ரிமோட்டைச் செருகி ஆடும் பிளாஸ்டிக் டென்னிஸ் மட்டை, கோல்ஃப் குச்சி, ஸ்டீயரிங் அடங்கிய ‘12-இன்-1’ பெட்டி வாங்கலாமா?
— பெயர் வேண்டாம் என்றவர்

வெறும் பிளாஸ்டிக். உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. மட்டையின் நீளம் கையின் வீச்சைக் கூட்டும், விசிறியிலும் தம்பி தலையிலும் படும். ஸ்டீயரிங் மட்டும் தேவலாம், இரண்டு கையாலும் பிடிக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு வசதி. அதைத் தனியாகவே வாங்கலாம்.

எனக்கு 46 வயது, முழங்கால் வலி உண்டு. நிண்டெண்டோ ஸ்விட்சில் ரிங் ஃபிட் என்ற உடற்பயிற்சி விளையாட்டு ஆடி உடம்பைக் குறைக்க ஆசை. என்னிடம் கையடக்கமான ஸ்விட்ச் லைட் இருக்கிறது. இணையத்தில் ஜாய்-கான் (ஸ்விட்சின் கண்ட்ரோலர்) பாதி விலைக்குக் கிடைக்கிறது. அது போதுமா?
— ஆஸ்பத்திரிப் பணியாளர், சுங்கை சிப்புட்

இன்றைக்கு மோஷன் சாமானில் காசுக்கு மதிப்புள்ளது எது என்று கேட்டால் நாங்கள் ரிங் ஃபிட்டைத்தான் காட்டுவோம். ஆனால் நீங்கள் வாங்கப் போகும் விதம் சரியில்லை.

ரிங்-கான் என்ற வளையத்தை அழுத்தும்போதும் இழுக்கும்போதும் அது எவ்வளவு வளைகிறது என்பதை உள்ளே உள்ள விசை உணரி அளக்கிறது. அளந்ததை வலது ஜாய்-கானின் பக்கத் தண்டவாளம் வழியாகத்தான் அனுப்புகிறது. பாதி விலை ஜாய்-கான்களில் பெரும்பாலானவற்றில் இந்த இணைப்பே கிடையாது. வளையத்தில் அழகாக ஏறும், திரை மட்டும் ‘மாட்டவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அசல் வலது ஜாய்-கானின் அடியில் ஓர் அகச்சிவப்புக் கேமராவும் உண்டு, பயிற்சி முடிந்ததும் கட்டைவிரலை அதன்மேல் வைத்தால் நாடித்துடிப்பைச் சொல்லும். போலியில் அதுவும் இருக்காது. ஆகவே வலது, இடது இரண்டும் அசலாக வாங்குங்கள். இடது ஜாய்-கான் தொடைப் பட்டைக்குள் போகும்.

பழையதை வாங்கினால் அமைப்புகளில் கண்ட்ரோலர் பகுதிக்குள் ஸ்டிக் அளவீட்டைத் திறந்து, ஸ்டிக்கைத் தொடாமல் பாருங்கள். புள்ளி நடுவில் நிற்காமல் நகர்ந்தால் உள்ளே உள்ள கரிப் பட்டை தேய்ந்திருக்கிறது. சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு ஸ்டிக்கையே மாற்ற வேண்டும்.

லைட்டில் உள்ள இடைஞ்சல் வேறு. அதை டிவியில் இணைக்க முடியாது, திரை ஐந்தரை அங்குலம். குனிந்து நிமிர்ந்து ஓடிக்கொண்டே அந்தத் திரையை எட்டடியிலிருந்து பார்ப்பது உங்கள் வயதில் கண்ணுக்கு வேலை. லைட்டில் ஜாய்-கான் மாட்டும் தண்டவாளமும் கிடையாது, சார்ஜுக்கென்று தனி ஸ்டாண்டும் வாங்க வேண்டும். எல்லாம் கூட்டினால், லைட்டைக் கொடுத்துவிட்டுப் பழைய சாதாரண ஸ்விட்ச் வாங்குவது மலிவாகவே முடியலாம். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 வாங்கினாலும் இதே கதை: புது ஜாய்-கான் 2 அந்த வளையத்தில் ஏறாது. பழைய ஜாய்-கானைக் கம்பியில்லாமல் அதோடு சேர்த்துத்தான் ஆட வேண்டும்.

முழங்காலைப் பற்றி முதலில் மருத்துவரைக் கேளுங்கள். விளையாட்டுக்குள் அசிஸ்ட் மோடில் முழங்கால், இடுப்பு, தோள், வயிறு என்று தனித்தனியாக இருக்கின்றன. முழங்காலைப் போட்டால் அதை வருத்தும் அசைவுகள் எளிதாகும். மாடி வீடு என்றால் ஓடுவதற்குப் பதில் முட்டியை லேசாக மடக்கும் சத்தமில்லா முறையும் உண்டு. அதில் கீழ்வீட்டார் தப்பிப்பார்கள், ஆனால் முட்டி மடக்குவது உங்களுக்கு ஆகாது. தரைவீட்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். டைல்ஸ் தரையில் காலுறையோடு ஆட வேண்டாம், வழுக்கும். வேர்வை பட்ட பிடியுறையும் தொடைப் பட்டையும் கழற்றிக் கையால் அலசலாம். வளையத்தைத் தண்ணீரில் போடக்கூடாது, துணியால் துடையுங்கள்.

ஜாய்-கான் கைப்பட்டையைத் தலைகீழாகச் சொருகிவிட்டேன். கழற்ற முடியவில்லை.
— 12 வயது வாசகி

இது நிறையப் பேருக்கு நடக்கிறது. பட்டையிலும் ஜாய்-கானிலும் கூட்டல், கழித்தல் குறி இருக்கின்றன, கூட்டலோடு கூட்டல்தான் சேர வேண்டும். முதலில் பட்டையின் அடியில் உள்ள சாம்பல் நிறப் பூட்டைத் திற. கட்டைவிரல்களால் தண்டவாளத்தின் நேர்க்கோட்டில், ஏற்றிய திசைக்கு எதிராகத் தள்ளு. பலமாகத் தள்ளலாம், ஆனால் கத்தி, ஸ்பூன் வைத்து மேல்நோக்கி நெம்பாதே. தண்டவாளம் வளைந்தால் பிறகு ஸ்விட்சிலேயே ஏறாது.

பந்து கடந்துபோன பிறகுதான் மட்டை அசைகிறது. புது டிவி வாங்கியதிலிருந்து இப்படி.
— தாமான் வாசி

கண்ட்ரோலரைக் குறை சொல்லாதீர்கள். புது டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. டிவி ரிமோட்டில் படத் தேர்வுக்குள் ‘கேம் மோட்’ போடுங்கள். வீயின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் வரும் படத்தைச் சீராக்க டிவி இன்னும் கூடுதல் நேரம் எடுக்கும். எச்.டி.எம்.ஐ. மாற்றி வாங்கி, வீ அமைப்புகளில் 480பி என்ற படத் தரத்துக்கு மாற்றினால் வித்தியாசம் தெரியும்.

பிளேஸ்டேஷன் மூவ் கண்ட்ரோலர் இரண்டும் கேமராவும் ஒருவர் விற்கிறார். என்னிடம் பிளேஸ்டேஷன் 5. மகள் நடன விளையாட்டுக் கேட்கிறாள்.
— லாரி ஓட்டுநர்

வேண்டாம். மூவ் 2010-இல் பிளேஸ்டேஷன் 3-க்காக வந்தது. நுனியில் எரியும் வண்ணப் பந்து கேமராவில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறது, ஆகவே கேமரா இல்லாத மூவ் வெறும் கைவிளக்கு. பிளேஸ்டேஷன் 4-லும் அதற்குரிய கேமராவோடு வேலை செய்யும். உங்கள் 5-இல் அதற்கு மிச்சமிருப்பது பழைய வி.ஆர். (மெய்நிகர் காட்சி) தலைக்கவசத்தோடு ஆடும் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகள்தான். புதிய வி.ஆர். 2-க்கு மூவ் சேராது.

மகள் கேட்பது ஜஸ்ட் டான்ஸ் என்றால் கைபேசியே போதும். ஜஸ்ட் டான்ஸ் கண்ட்ரோலர் என்ற இலவசச் செயலியை இறக்கி, கைபேசியை வலது கையில் பிடித்து ஆடலாம். ஆறு பேர்வரை சேரலாம். பிடி நழுவினால் கைபேசி போய்விடும், மணிக்கட்டுப் பட்டை உள்ள உறை ஒன்று வாங்கிப் போடுங்கள். விளையாட்டின் விலையை விட்டால் உங்கள் செலவு அதுதான்.

மூன்று வருடம் அலமாரியில் கிடந்த வீ ரிமோட்டைத் திறந்தால் பேட்டரி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தூக்கிப் போடவா?
— ஓய்வுபெற்ற கிராணி

போட வேண்டாம் ஐயா, பாதிக்கு மேல் பிழைத்துவிடும். அல்கலைன் பேட்டரி கசிந்து உலர்ந்தால் வரும் காரப் பூச்சு அது. கையுறை போட்டு இரண்டு பேட்டரியையும் எடுங்கள். உலர்ந்த பல்துலக்கி கொண்டு வெளியே வைத்துத் தட்டுங்கள், மூக்கில் இழுத்துவிடாதீர்கள். பஞ்சுக் குச்சியைக் காடியில் தொட்டு, சொட்டாமல் பிழிந்து, ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் தடவுங்கள். சன்னமாக நுரைத்தால் காரம் முறிகிறது என்று அர்த்தம். நுரை நின்றதும் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். ஸ்பிரிங்கில் பச்சை தெரிந்தால் மெல்லிய உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேயுங்கள்.

புதிய ஏ.ஏ. பேட்டரி இரண்டும் ஒரே ஜோடியாக இருக்கட்டும், பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். நீல விளக்குகள் மின்னி அணைந்தால் ரிமோட் உயிரோடுதான் இருக்கிறது, பெட்டியோடு உறவு மட்டும் அறுந்திருக்கிறது. வீயின் முன்பக்கத்தில் எஸ்.டி. கார்டு மூடிக்குள் சிவப்புப் பொத்தான் ஒன்று, ரிமோட்டின் பேட்டரி மூடிக்குள் இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்து ஒரு முறை அழுத்திவிடுங்கள். ஒரே ஒரு விளக்கு நிலையாக எரிந்தால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடலாம்.